இரண்டாம் வாசிப்பு

ஒரு நூலை முதல் தடவை படிக்கும்போது கதை இழுத்த வழியெல்லாம் நாம் போகிறோம். அடுத்து என்ன நேரும் என்ற ஆவல் கண்ணை ஓர் இடத்தில் நிற்கவிடுவதில்லை. முடிவு இன்னதென்று தெரிந்த பிறகு, அந்த ஆவல் தணிந்த மனத்தோடு, அதே நூலை மறுபடி எடுக்கும்போதுதான் ஆசிரியன் எங்கே என்ன வைத்தான், ஏன் அங்கே வைத்தான் என்பது புலப்படத் தொடங்குகிறது. இலக்கியக் கல்வி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வாசிப்பில் நிகழ்வதுதான். ஆகையால், ஆண்டுதோறும் ஈஸ்டர் விடுமுறைக்கும் மே மாதத்துக்கும் நடுவே இங்கிலாந்தில் பதினாறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர், தாம் முன்பே படித்த ஒரு ஷேக்ஸ்பியர் நாடகத்தையும் ஒரு நாவலையும் சில கவிதைகளையும் மீண்டும் எடுத்துக்கொண்டு உட்காருகிறார்கள் என்று கேட்கும் எவரும், ஒரு தேசத்தின் இளந்தலைமுறை முழுவதும் ஒரே காலத்தில் இலக்கியத்தை இரண்டாம் முறை படிக்கிறதே என்று மகிழ்வது இயல்பு. அந்த மகிழ்ச்சிக்கு ஆதாரம் உண்டு. ஆயினும் அது இருக்க வேண்டிய அளவில் இல்லை என்பதே என்னை நெடுநாளாக வருத்திவரும் விஷயம்.

அவர்களை அப்படி உட்காரவைப்பது ஜி.சி.எஸ்.இ. என்று வழங்கும் பரீட்சை. அது, ஓ-லெவல், சி.எஸ்.இ. என்று தனித்தனியே இருந்த இரண்டு பரீட்சைகளை ஒன்றாக்கி, 1988-இல் முதன்முதலாக நடந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2015 செப்டம்பரில் வகுப்பறைக்கு வந்து, 2017 கோடையில் முதல் தடவை எழுதப்பட்ட திருத்திய வடிவம். அந்தத் திருத்தத்தில் எழுத்துத் தரங்கள் போய் 9 முதல் 1 வரை எண் தரங்கள் வந்தன. ஆண்டின் நடுவே வகுப்பிலேயே எழுதிச் சேர்த்துக்கொண்ட மதிப்பெண்கள் நீங்கி, இறுதிப் பரீட்சை ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதாயிற்று. இலக்கியத்துக்கு ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம், பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் ஒன்று, 1914-க்குப் பிறகு பிரிட்டிஷ் தீவுகளில் எழுந்த கதையோ நாடகமோ ஒன்று, 1789 முதல் இக்காலம் வரையுள்ள கவிதைகள் என்று வரையறுக்கப்பட்டது. அதனோடு, முன்பு சில தாள்களுக்குக் குறிப்பு எழுதாத பிரதியை உள்ளே கொண்டுபோக இருந்த அனுமதியும் நின்றது. நூல் வெளியே, மாணவன் உள்ளே என்று ஆனது.

இதன் பலன் என்னவென்று அந்நாட்டில் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பிள்ளையின் மேஜையைப் பார்த்தால் தெரியும். அங்கே நாடகப் பிரதி ஒரு மூலையில் இருக்கும். நடுவில் இருப்பவை மேற்கோள் அட்டைகள். மூன்று சொல், நான்கு சொல், மிஞ்சினால் ஓர் அடி என்று வெட்டி எடுத்து, குற்ற உணர்ச்சி, பேராசை, அரசதிகாரம் என்ற தலைப்புகளின் கீழ் நிறம் நிறமாகப் பிரித்து, பின்பக்கத்தில் அணியின் பெயரையும் எழுதி வைத்திருக்கும் அட்டைகள். யார்க் நோட்ஸ், சி.ஜி.பி. போன்ற துணைநூல்கள் இந்த வேலையை முன்னதாகவே செய்து தருகின்றன; நம் ஊரில் கோனார் உரையோடு வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை. துணைநூலை நான் நிந்திக்கவில்லை. நல்லாசிரியர் கிட்டாத பிள்ளைக்கு அதுவே ஆசிரியர். ஆனால் இவ்வளவு மேற்கோள் வேண்டும் என்று பரீட்சையே கேட்பதாக எண்ணுவது சரியன்று. மதிப்பீட்டு விதியில் கேட்கப்படுவது நூலைச் சுட்டிக் காட்டி எழுதுதல். நேர் மேற்கோள் அதனுள் அடங்கிய ஒரு வகை மட்டுமே. பெரும்பாலான பள்ளிகள் பின்பற்றும் ஏ.க்யூ.ஏ. வாரியத்தின் தாளில் ஷேக்ஸ்பியர் கேள்விக்கு நாடகத்தின் ஒரு பகுதி அச்சிட்டே தரப்படுகிறது. அச்சம் விதியைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. அந்த அச்சமே நூலை இடித்து அட்டைகளாக்கிவிட்டது.

‘மாக்பெத்’ நாடகத்தை எடுத்துக்கொள்வோம். கொலை நடந்த இரவில், கொஞ்சம் தண்ணீர் போதும், கை சுத்தமாகிவிடும் என்ற பொருள்பட மாக்பெத் சீமாட்டி பேசுவதும், ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் எழுந்து நடந்து, போகாத கறையைத் தேய்த்துத் தேய்த்து மாய்வதும் குற்ற உணர்ச்சி என்ற தலைப்பில் இரண்டு அட்டைகளாக எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும். அவை இருக்க வேண்டியவையே. ஆனால் நாடகத்தை முழுதாக மறுபடி படிக்கும் பிள்ளைக்கு மட்டுமே அகப்படும் ஒன்று உண்டு. அவள் நாடகத்தில் முதன்முதலாக அரங்கேறுவது கணவனிடமிருந்து வந்த ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டுதான். அக்கடிதம் வசனத்தில் இருக்கிறது. அதன் பிறகு விருந்துக் காட்சி வரை அவள் பேசுவதெல்லாம் செய்யுள் நடை. விருந்துக் காட்சிக்கும் ஐந்தாம் அங்கத்துக்கும் நடுவே அவளை நாம் காண்பதே இல்லை. பிறகு அவள் திரும்பி வரும் கடைசிக் காட்சியில், அவள் வருமுன்பே, பணிப்பெண் வைத்தியரிடம் சொல்கிறாள்: அரசர் போர்க்களம் சென்ற நாள் முதல், இவர் உறக்கத்திலேயே எழுந்து, பெட்டகத்தைத் திறந்து, காகிதம் எடுத்து, மடித்து, அதில் எழுதி, படித்துப் பார்த்து, முத்திரையிட்டு, மறுபடி படுக்கைக்குப் போகிறார் என்று. அந்தக் காகிதத்தில் என்ன எழுதினாள், யாருக்கு எழுதினாள் என்று ஷேக்ஸ்பியர் சொல்லவில்லை. கடிதத்தோடு தொடங்கியவள் கடிதத்தோடு முடிகிறாள். வசனத்தில் வாய் திறந்தவள், நடுவில் செய்யுளின் கம்பீரமெல்லாம் கழிந்து, வசனத்திலேயே சிதறிப் போகிறாள். எந்த அணியின் பெயரும் இதற்குப் பொருந்தாது; எந்த அட்டையிலும் இது அடங்காது. ஆனால் இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை, பரீட்சை மண்டபத்தில் ஒரு சொல்லைக்கூட நேராக மேற்கோள் காட்டாமல், நாடகத்தின் அமைப்பைப் பற்றி எத்தனையோ துணைநூல்கள் சொல்லாததைச் சொல்லிவிட முடியும்.

மேற்கோள் என்பதன் உண்மையான உபயோகம் என்ன என்பதை, அதே பாடத்திட்டத்தில் உள்ள டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கரோல்’, 1843-இல் வெளிவந்த அச்சிறு நூல், கதைக்குள்ளேயே காட்டித் தருகிறது. ஏழைகளுக்கு நிதி கேட்டு வந்த கனவான்களிடம் கதைநாயகனான ஸ்குரூஜ், சிறைச்சாலைகள் இல்லையா, அநாதை வேலைவிடுதிகள் இல்லையா என்று கேட்கிறான். சாகிறவர்கள் செத்துப் பெருகிய ஜனத்தொகையைக் குறைக்கட்டும் என்கிறான். இரண்டு பகுதிகள் கடந்து, கால் ஊனமான சிறுவன் டிம் பிழைப்பானா என்று மனம் நெகிழ்ந்து அவன் கேட்கும்போது, அவனிடம் வந்த ஆவி அவனுடைய சொற்களையே எடுத்து அவனுக்குத் திருப்பிச் சொல்கிறது. பின்னர் அறியாமை, வறுமை என்னும் இரு குழந்தைகளைக் காட்டி மறுபடியும் அப்படியே செய்கிறது. தான் சொன்ன சொல்லையே கேட்டு அவன் தலை குனிகிறான். ஒரு வாக்கியம் எங்கே, எந்த மனநிலையில், யாரிடம் சொல்லப்பட்டது என்பதோடு சேர்ந்து நினைவுக்கு வரும்போதுதான் அதற்கு அந்த வலிமை உண்டாகிறது. சூழலிலிருந்து அறுத்து எடுத்த நான்கு சொற்களுக்கு அது இல்லை. ப்ரீஸ்ட்லியின் ‘ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ நாடகமோ இன்னும் ஒரு படி மேலே போய், முதல் தடவை பார்ப்பவரையே இரண்டாம் வாசகராக ஆக்கிவிடுகிறது. 1912-இல் நடப்பதாகச் சொல்லப்படும் அந்நாடகம் 1945-இல் சோவியத் நாட்டில் முதலில் மேடையேறியது, அடுத்த ஆண்டு லண்டனுக்கு வந்தது. மூழ்காத கப்பலைப் பற்றியும் வராத யுத்தத்தைப் பற்றியும் பெருமிதத்தோடு பேசும் முதலாளியின் முன், நடந்ததெல்லாம் அறிந்த சபை உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அது கனமான ஆட்சேபம். மறுபடி மறுபடி படிப்பது மிகவும் பலமற்ற முறை என்று நினைவாற்றலை ஆராயும் உளவியலார் கூறுகிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு வசனப் பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். இம்முடிவை நான் மறுக்கவில்லை. மாணவர்கள் அறிய வேண்டிய உண்மை அது. ஆனால் நினைவிலிருந்து எதை எழுப்பிப் பார்ப்பது என்பதே கேள்வி. அட்டையின் ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தை ஒப்பிப்பதும் நினைவைச் சோதிப்பதுதான். பிரதியை மூடி வைத்துவிட்டு, விருந்துக் காட்சியில் யார் முதலில் பேசினார், யார் எழுந்தார், யார் எதைக் கண்டும் காணாமலிருந்தார், யார் விருந்தினரை வெளியே அனுப்பினார் என்று ஒரு தங்கைக்கோ தம்பிக்கோ கதையாகச் சொல்லிப் பார்ப்பதும் நினைவைச் சோதிப்பதுதான். பின்னதைச் செய்தவன் பிரதியைத் திறக்கும்போது, தான் எதை மறந்தான் என்று தேடிக்கொண்டு திறக்கிறான்; மறந்துபோன அந்த இடமே பல சமயங்களில் அவன் முதல் வாசிப்பில் புரியாமல் தாண்டிப்போன இடமாக இருக்கிறது. அப்படிப்பட்ட மறுவாசிப்பைப் பற்றி அந்த ஆராய்ச்சி பேசவில்லை என்பது என் துணிபு.

பரீட்சையும் இலக்கியமும் சேர்ந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை, பம்பாய், கல்கத்தா சர்வகலாசாலைகள் 1857-இல் தோன்றிய காலத்திலேயே இங்கே ஆங்கிலம் பரீட்சைக்குரிய பாடமாகிவிட்டது. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்கென்று ஒரு தனிப் பட்டப் பிரிவு ஏற்பட்டது 1894-இல், கேம்பிரிட்ஜில் 1917-இல். கிரேக்கமும் லத்தீனுமே வித்தை என்று அங்கே கருதப்பட்ட நாட்களில், தம் மொழியின் இலக்கியத்தைக் கேள்வித்தாளாக்கும் வழக்கத்தை அவர்கள் பெரும்பாலும் குடியேற்ற நாட்டு மாணவர்கள் மீதே முதலில் பழகினார்கள். கேம்பிரிட்ஜில் அப்பிரிவு தோன்றிய சில ஆண்டுகளில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் செய்த ஒரு சோதனை, இன்றைய ஜி.சி.எஸ்.இ. தாளில் முன்பின் பாராத கவிதையைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொல்லும் பகுதிக்கு மூதாதை எனலாம். ஆசிரியர் பெயரும் காலமும் நீக்கிய கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்னார். வந்த எழுத்துகளை ஆராய்ந்து 1929-இல் ‘ப்ராக்டிகல் கிரிட்டிசிஸம்’ என்ற நூலை வெளியிட்டார். தேர்ந்த மாணவர்களே கவிதையின் நேர்ப்பொருளைக்கூடப் பிடிக்கத் தவறினார்கள் என்பது அந்நூலின் பிரசித்தமான முடிவு. அதைக்காட்டிலும் நான் கவனிக்கும் விஷயம் வேறு. அந்த மாணவர்களுக்குக் கொடுத்த அவகாசம் ஒரு வாரம். எத்தனை முறை படித்தீர்கள் என்பதையும் குறிக்கும்படி அவர் கேட்டிருந்தார். பத்து முறைக்கு மேல் படித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். இன்றைய பதினாறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு புதிய கவிதைகளுக்குமாகச் சேர்த்து முக்கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது. சோதனை தங்கிவிட்டது; அதன் உயிரான மறுவாசிப்பு மறைந்துவிட்டது.

இலக்கியத்துக்காவது திரும்பப் படிக்க நூல் இருக்கிறது. மொழித்தாளுக்கு அதுவும் இல்லை. ஏ.க்யூ.ஏ. வாரியத்தில் ஒரு தாளில் இருபதாம் அல்லது இருபத்தொன்றாம் நூற்றாண்டுக் கதையிலிருந்து ஒரு பகுதி. மற்றதில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டுரை ஒன்றும் பிற்காலத்தது ஒன்றும். ஒவ்வொன்றுக்கும் 1 மணி 45 நிமிஷம், 80 மதிப்பெண். அவற்றில் சரிபாதியான 40, மாணவன் தானே எழுதும் வர்ணனைக்கோ கதைக்கோ வாதத்துக்கோ உரியது. மண்டபத்தில் உட்காரும் வரை எந்தப் பகுதி வரும் என்று யாருக்கும் தெரியாது. இதற்கு எப்படித் தயாராவது என்று கேட்கும் பிள்ளைக்கு, அணிகளின் பெயர்ப்பட்டியலையும் பத்தி அமைக்கும் சூத்திரத்தையும் சிலர் கொடுக்கிறார்கள்; வேறு சிலர் எந்தத் தலைப்புக்கும் திருப்பிக்கொள்ளக்கூடிய ஒரு கதையை முன்பே எழுதி மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். இரண்டும் எளிதில் வற்றிவிடும். இத்தாள் அளப்பது மாணவனிடம் பல ஆண்டுகளாகப் படிந்த வாசிப்பை. ஒரு நீண்ட வாக்கியம் எங்கே மூச்சு வாங்கி எங்கே இறங்கும் என்பதைக் காது அறிந்திருக்கிறதா என்பதை. ஆகவே, இரண்டு பாடங்களையும் இரண்டு அட்டவணைகளாகப் பிரித்து, இன்று இலக்கியம், நாளை மொழி என்று படிப்பது எனக்குச் சம்மதமாகத் தோன்றவில்லை. ஸ்டீவன்ஸனின் ‘ஜெகில், ஹைட்’ கதையில் ஒரு பகுதியை வாய்விட்டு மெதுவாகப் படித்து, லண்டன் மூடுபனியை அவர் வாக்கியம் எப்படிக் கலைத்துக் கலைத்துக் காட்டுகிறது என்று கவனித்து, பிரதியை மூடிவிட்டுத் தன் தெருவின் மழையை அம்மாதிரி ஐந்து வாக்கியத்தில் எழுதிப் பார்க்கும் பிள்ளை, ஒரே மாலையில் இரண்டு பரீட்சைக்கும் படித்தவனாகிறான்.

லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்த மாதங்கள் எப்படிக் கழியும் என்பது பலரும் அறிந்ததே. வார இறுதி டியூஷன், பழைய கேள்வித்தாள்கள், “எல்லாம் பாடமாக்கிப் போட்டியோ?” என்று இரவில் தாயின் விசாரிப்பு. அவர்களில் பலர் யாழ்ப்பாணத்தில் எழுதிய ஓ-லெவல் பரீட்சையும் அதே ஆங்கில மரபின் கிளைதான். பாடமாக்குதலின் அருமை அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை அவர்கள் நாணிக் கைவிட வேண்டாம் என்று சொல்வேன். தேவாரப் பதிகத்தைப் பாடமாக்கியவர்கள் அதிலிருந்து நான்கு சொல்லைப் பொறுக்கிப் பாடமாக்கவில்லை. முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை பண்ணோடு பாடமாக்கினார்கள். அந்த முறை ஆங்கிலக் கவிதைக்கும் பொருந்தும். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் படிக்கும் தொகுப்பிலுள்ள 15 கவிதைகளில் ஷெல்லியின் ‘ஓசிமாண்டியாஸ்’ 14 அடி, பிளேக்கின் ‘லண்டன்’ 16 அடி. ஒரு வாரத்தில் முழுதாக மனத்தில் ஏறக்கூடியவை. முழுக் கவிதை உள்ளே இருந்தால் மேற்கோள் அட்டை எதற்கு? அடி எங்கே முறிகிறது, எந்தச் சொல் திரும்பி வருகிறது என்பதெல்லாம் தாமே கூட வரும்.

அதே தொகுப்பில் கேரல் ரூமன்ஸ் எழுதிய ‘தி எமிக்ரே’ என்ற கவிதை இருக்கிறது. சிறு வயதில் விட்டு வந்த ஒரு நகரத்தை, அங்கிருந்து வரும் செய்திகள் எவ்வளவு கொடியவையாக இருந்தாலும், வெயில் படிந்த நகரமாகவே மனத்தில் வைத்திருக்கும் ஒருத்தியின் குரல் அது. போரின் காரணமாக ஊரைவிட்டு வந்த ஒரு தகப்பனின் மகள், அந்தக் கவிதையை உருவகம், மனிதத்தன்மையேற்றம், நினைவேக்கம் என்று மூன்று சொல்லில் பிரித்து வைத்துக்கொண்டு, அடுத்த அறையில் இருக்கும் தகப்பனிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் பரீட்சைக்குப் போகலாம். அல்லது கவிதையை அவரிடம் படித்துக்காட்டி, அப்பா, உங்கள் ஊர் உங்களுக்கு எப்படி நினைவில் இருக்கிறது என்று கேட்கலாம். அவர் சொல்லும் பதில் எந்த மதிப்பீட்டு விதியிலும் இல்லை. ஆயினும் அதைக் கேட்ட பிறகு அவள் அந்தக் கவிதையை மறுபடி படிக்கும்போது, அதில் இதுவரை காணாத சொற்கள் அவள் கண்ணில் படும். அவற்றைப் பற்றி அவள் எழுதும் பத்தி வேறாக இருக்கும்.

எனக்கு மிகுந்த கவலை தருபவர்கள், ஆங்கிலத்தில் 4-ஆம் தரத்தை எட்டாமல் நின்றுவிடும் பிள்ளைகள். 2014 முதல் அவர்கள் பதினாறு வயதுக்குப் பிறகும் அப்பாடத்தைத் தொடர வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. பலர் நவம்பரிலும் மறுபடி கோடையிலும் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அவர்கள் எழுதுவது மொழித்தாள். நாடகமும் நாவலும் கவிதையும் அவர்களை விட்டுப் போய்விடுகின்றன; மிஞ்சுபவை யாரோ வெட்டிக் கொடுத்த துண்டுப் பகுதிகள், பழைய தாள்கள், அவற்றின் விடைமாதிரிகள். வாசிப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமிருந்தே முழு நூல் முதலில் பறிக்கப்படுகிறது. டிக்கன்ஸ் 1853 டிசம்பரில் பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் ‘கிறிஸ்துமஸ் கரோல்’ கதையைத் தாமே சபையோருக்குப் படித்துக்காட்டினார். சுமார் மூன்று மணி நேரம் பிடித்தது. அந்த வாரத்தில் ஓர் இரவைத் தொழிலாளிகளுக்கென்றே, ஆறு பென்னி கட்டணத்தில், ஒதுக்க வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். மறுபரீட்சை வகுப்புகளுக்கு வந்து உட்காரும் அந்த இளைஞர்களுக்கும் ஆண்டின் தொடக்கத்தில் அப்படி ஒரு மூன்று மணி நேரத்தைக் கல்லூரிகள் ஒதுக்கித் தர வேண்டும். ஆசிரியர் முழுக் கதையையும் உரக்கப் படிக்க, அவர்கள் கேள்வி ஏதும் எழுதாமல் கேட்கட்டும். பழைய கேள்வித்தாள்களை அதற்கு அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம்.